மின்னல் மாப்பிள்ளை

என் தங்கையின் கணவனை நினைத்தாலே எனக்குத் துப்பத் தோன்றும். சொந்தக்காரனைப் பற்றி இப்படியா எழுதுவது என்று கேட்பவர்கள் அவனோடு ஒரு வாரம் லிப்ட் மெஷின் அறையில் உட்கார்ந்துவிட்டு வரட்டும், பிறகு பேசலாம். முகத்துக்கு நேரே நான் அவனை ‘வாங்க மாப்ள, போங்க மாப்ள’ என்றுதான் சொல்வேன். பெண் கொடுத்த வீட்டு மரியாதை அது, விட முடியாது. மனதுக்குள் எப்போதும் ‘அவன்’தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் லிப்ட் பழுது பார்க்கிறவர்கள். ஒரே கம்பெனி, ஒரே வண்டி, ஒரே கருவிப் பெட்டி. எங்களிடம் வருவதெல்லாம் பழைய கட்டடங்கள்தான். கையால் இழுத்துத் திறக்கும் கதவு, மொட்டை மாடியில் ஒரு மெஷின் அறை, உள்ளே எண்ணெய் நாற்றமும் புறா எச்சமும். இந்தப் பழைய லிப்ட்களில் வேலை செய்ய ஒருவர் லிப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நிற்க வேண்டும். மற்றவர் மேலே மெஷின் அறையில் நின்று பெட்டியை நகர்த்த வேண்டும். கூரைமேல் நிற்பவர் ‘மேல’ என்று கத்துவார். மெஷின் அறையில் இருப்பவர் ‘மேல’ என்று திருப்பிக் கத்திவிட்டுத்தான் பட்டனில் கை வைக்கலாம். இந்தக் கூப்பாட்டில் மட்டும் மரியாதை, உறவு எதுவும் கிடையாது. சொன்னது காதில் விழுந்து புத்திக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. கூரைமேல் நிற்பது பெரும்பாலும் நான். ஆக, என் உயிர் மாப்பிள்ளையின் காதில் இருந்தது.

கல்யாணமான புதிதில் அவனைப் போல நிதானமான ஆள் கிடையாது. மந்தம் என்றுகூடச் சொல்லலாம். ஒரு போல்ட் கேட்டால் எந்த போல்ட், எவ்வளவு நீளம், துரு ஏறினது பரவாயில்லையா என்று விசாரித்துவிட்டுத்தான் எடுப்பான்.

“போல்ட்டோட வாழ்க்கை வரலாறெல்லாம் எதுக்கு மாப்ள, எடுத்துக் குடுங்க” என்பேன்.

சிரித்துக்கொண்டே கொடுப்பான். கேட்டதைத்தான் கொடுப்பான், அதில் தப்பு வராது. வீட்டில் என் தங்கை பேச ஆரம்பித்தால் டி.வி.யை அணைத்துவிட்டுக் கேட்பான். எத்தனை புருஷன்மார் அப்படி இருக்கிறார்கள்? நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலம் அது.

அப்புறம் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. நாலு பேர் வேலையை இரண்டு பேர் செய்ய வேண்டியதாயிற்று. உதிரிபாகம் கொண்டுவரும் வேன் டிரைவர் ஒருவன் இருந்தான், எப்போதும் இளித்துக்கொண்டே இருக்கும் மூஞ்சி. “இத வாயில போட்டுக்கங்க, தூக்கம் உங்க பக்கமே எட்டிப் பாக்காது” என்று ஒரு மாத்திரையை நீட்டினான். எனக்கும் நீட்டினான். எனக்கு அந்த மூஞ்சியே பிடிக்காது, வாங்கவில்லை. மாப்பிள்ளை வாங்கினான். மாத்திரை பிறகு பொடியாயிற்று. பொடி உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பதை நான் எழுதமாட்டேன். எழுதினால் யாராவது ஒரு தறுதலை முயன்று பார்ப்பான்.

ஆரம்பத்தில் அது அவனுக்கு நல்லதுதான் செய்தது என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். எங்கள் சூப்பர்வைசர் அப்போது அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மூன்று கட்டடத்தை ஒரே நாளில் முடித்துவிட்டு நாலாவது எங்கே என்று நிற்பான். ‘மின்னல்’ என்று பேர் வைத்ததே அவர்தான்.

“பாருய்யா உன் மாப்பிள்ளைய, என்னமா கண்ணும் கருத்துமா வேலை செய்யறான். நீயும் இருக்கியே” என்பார் என்னைப் பார்த்து.

கண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கரு விழி முழுக்க விரிந்து, இமைக்காமல், எதையோ முறைத்துக்கொண்டிருக்கும். அவருக்கு எங்கே நேரம்? வேலை முடிந்ததா என்பதுதான் அவர் கவலை. மனிதன் முடிந்துபோனால் அவருக்கென்ன?

கண்ணும் கருத்தும் எங்கே போயிற்று என்பதை நான் ஒரு மதியம் பார்த்தேன். நாலு மாடிக் கட்டடம், லிப்ட் நின்றுவிட்டது. ஜனங்கள் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருக்கிறார்கள். நான் கீழே லிப்ட் குழிக்குள் என் வேலையை முடித்துவிட்டு ஏறி வந்தால், இவன் தரைத்தளத்துப் பட்டன் பலகையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருக்கிறான். பித்தளைப் பலகை. அதன் ஸ்க்ரூ தலைகளில் இருக்கும் அழுக்கை ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கிறான். மேலே செய்ய வேண்டிய வேலையைத் தொடவே இல்லை.

“மாப்ள, லிப்ட் ஓடணும்.”

“ஓடும் மச்சான். இது ஒண்ணு மட்டும்.”

“வயித்துப் பிள்ளைக்காரி ஒருத்தங்க படியேறிப் போறாங்க மாப்ள.”

“ஆமா மச்சான். இது ஒண்ணு மட்டும்.”

அந்த ஒன்று முடியவே இல்லை. ஸ்க்ரூ வெட்டுகள் எல்லாம் செங்குத்தாக நிற்க வேண்டுமாம். கொஞ்சம் சாய்ந்திருந்தால் மறுபடி கழற்றிப் பூட்டினான். பக்கத்தில் கட்டடம் இடிந்து விழுந்தாலும் தெரிந்திருக்காது. அந்தப் பொடி அவனுக்குக் கவனத்தைக் கொடுத்தது என்கிறார்களே, இதுதான் அது. ஒரு ஸ்க்ரூவுக்குள் தலையை விட்டுக்கொண்டு மற்றதையெல்லாம் தெருவில் விட்டுவிடுவது.

உடம்பு சொன்ன கதை இன்னும் அசிங்கம். உதட்டை நக்கிக்கொண்டே இருப்பான். வாயோரத்தில் வெள்ளையாக ஒன்று காய்ந்து ஒட்டியிருக்கும். பற்களை நறநறவென்று கடிப்பான், பக்கத்தில் நிற்கிற எனக்குப் பல் கூசும். முன்பற்கள் அடியில் பழுப்பேறி, பிறகு கறுத்தன. முழங்கையில் ஏதோ பூச்சி ஊர்கிறது என்று ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டிச் சுரண்டிப் புண்ணாக்கி வைத்திருந்தான். அதே விரலால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து “சாப்பிடுங்க மச்சான்” என்று நீட்டுவான். சீ. வியர்வையில் ஒரு புளித்த வாடை, கருகின பிளாஸ்டிக் போல. வண்டியில் நான் ஜன்னலை இறக்கிவிட்டுத் தலையை வெளியே வைத்துக்கொண்டு போவேன். பேச்சு வேறு நிற்காது. வேன் டிரைவரில் தொடங்கும், மீன் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து அவன் படித்த பள்ளிக்கூடத்து நாற்காலிக்குப் போகும். நடுவில் நாம் ஒரு கேள்வி கேட்டால் அது அவன் காதைத் தொட்டுவிட்டு அப்படியே கீழே விழும்.

ஒரு நாள் நான் கூரைமேல் நின்று ‘நில்லு’ என்று கத்தினேன். மேலேயிருந்து ‘நில்லு’ என்று தெளிவாகப் பதில் வந்தது. பெட்டி மேலே கிளம்பியது.

நான் மறுபடி கத்தினேன். மறுபடியும் ‘நில்லு’ என்று பதில் வந்தது. பெட்டி ஏறிக்கொண்டே இருந்தது. நான் குந்தி, குனிந்து, கடைசியில் கூரையோடு கூரையாகப் படுத்துவிட்டேன். மேல் எல்லையில் ஒரு சுவிட்ச் உண்டு, அதில் இடித்துத்தான் பெட்டி நின்றது. என் முதுகுக்கும் உத்திரத்துக்கும் நடுவே கை நுழையாது. ஊர்ந்து வெளியே வந்து மெஷின் அறைக்குப் போனேன். ஒரு கை பட்டனில் இருக்க, மறு கையால் ஒரு பழைய தூரிகையை வைத்து, லிப்டை இயக்கும் பேனலில் தூசி தட்டிக்கொண்டிருந்தான்.

“நான் நில்லுன்னு சொன்னேன் மாப்ள.”

“நானும் நில்லுன்னு சொன்னேனே மச்சான்” என்றான், ஏன் கோபப்படுகிறேன் என்று புரியாமல்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். இனி இவரோடு சேர்ந்து வேலை செய்ய முடியாது, சூப்பர்வைசரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, உங்க கூட இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு வேலை. நீங்க விட்டீங்கன்னா வேற யாரும் சேத்துக்க மாட்டாங்க. வேலையும் போயிடுச்சுன்னா அவர் முழுசா அதுலயே விழுந்துடுவார். பாப்பாவுக்கு அப்பா வேணும்ணா.”

“பாப்பாவுக்கு மாமா வேணாமா?”

அவள் அழுதாள். சூப்பர்வைசரிடம் சொல்லும் யோசனையை விழுங்கிக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து அவன் மெஷின் அறையில் இருக்கும்போது நான் கூரையில் கால் வைக்கவில்லை. ஏறவேண்டிய வேலை வந்தால் இன்னொரு குழுவிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக்கொள்வேன். சுத்தம் செய்வது, பேனலைச் சோதிப்பது, இது மட்டும் மாப்பிள்ளைக்கு என்று ஒதுக்கினேன்.

இங்கே ஜம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா மாடியிலும் கதவு மூடியிருந்தால்தான் லிப்ட் நகரும். சோதனை செய்யும்போது அந்தப் பாதுகாப்பைக் கொஞ்ச நேரம் ஏமாற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பேனலில் ஒரு துண்டு வயரைச் செருகுவோம். கதவெல்லாம் மூடிவிட்டது என்று லிப்ட் நம்பிவிடும். அந்த வயர்தான் ஜம்பர். அதை எடுக்க மறந்தால் கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் கிளம்பும். ஆகவே எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு: ஒரு ஆளுக்கு ஒரே ஜம்பர், சிவப்பு நிறம். சட்டைப் பையில் இருந்தால் பேனலில் இல்லை என்று அர்த்தம். வேலை முடிந்ததும் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புவோம். இதைவிடச் சுலபமாக யாரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது, இத்தனை வருஷத்தில் அது எங்களைக் கைவிட்டதும் இல்லை.

பிறகு ஒரு நாள், ஒரு அலுவலகக் கட்டடம். அவன் மேலே சோதனையை முடித்துவிட்டு இறங்கினான். “ஜம்பர்?” என்று கேட்டேன். பையிலிருந்து சிவப்பு வயரை எடுத்து என் கண்ணெதிரே ஆட்டிக் காட்டினான். கிளம்பிவிட்டோம். தெருமுனை டீக்கடையில் டம்ளரை வாயில் வைப்பதற்குள் அந்தக் கட்டடத்துக் காவலாளி ஓடிவந்தார்.

துப்புரவு வேலை செய்யும் ஒரு அம்மா. வாளியை முன்னால் தள்ளிவிட்டு, கதவைத் தோளால் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்திருக்கிறார். மேல் மாடியில் யாரோ பட்டனை அமுக்க, லிப்ட் கிளம்பிவிட்டது. அவர் வெளிப்பக்கம் விழுந்ததால் உயிர் பிழைத்தார். மணிக்கட்டு உடைந்து தொங்கியது. பாதி உள்ளே பாதி வெளியே இருந்த வாளி தகடாக நசுங்கிக் கிடந்தது. அந்தத் தகட்டில் நான் அந்த அம்மாவின் காலைப் பார்த்தேன், இடுப்பைப் பார்த்தேன்.

“நான் கதவ மூடவே இல்லையே, எப்படிப்பா அது கிளம்புச்சு?” என்று என்னிடம் கேட்டார், தன்மேல் ஏதோ தப்பு இருப்பதுபோல.

மெஷின் அறைக்கு ஓடினேன். பேனலில் சிவப்பு வயர் செருகியபடி இருந்தது. அவன் பையில் இன்னொன்று இருந்தது. கையோடு எடுத்து வந்த அவன் தோள்பையைக் கொட்டினேன். அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால் உள்ளே முழுக்கச் சிவப்பு ஜம்பர்கள். எல்லாம் ஒரே நீளம், இரண்டு முனையும் பற்றவைத்து, உறை போட்டு, நூல் சுற்றி, வரிசையாக அடுக்கியிருந்தது. கடையில்கூட அத்தனை அழகாகக் கிடைக்காது. “லீவு நாள்ல அவர் அமைதியா உக்காந்து ஏதோ வயர் வேலை பாத்தாருண்ணா, பாக்கவே நல்லா இருந்துச்சு” என்று தங்கை முன்பொரு முறை சந்தோஷமாகச் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு ஆளுக்கு ஒன்று என்பது எதற்காக என்று தெரிந்தவன் ஒரு டப்பா நிறையச் செய்து வைத்திருக்கிறான். ஒவ்வொன்றையும் செய்யும்போது வயரைப் பார்த்தான், முனையைப் பார்த்தான், நூலைப் பார்த்தான். எதற்கு என்பதை மட்டும் பார்க்கவில்லை.

கீழே வந்தேன். அந்த அம்மா சுவரில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நசுங்கிய வாளியின் கைப்பிடியை நிமிர்த்திக்கொண்டிருந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, மும்முரமாக. வாளியைப் பிடுங்கி எறிந்தேன். “டேய், மனுஷனாடா நீ” என்றேன். அவனை நேருக்கு நேர் நான் மரியாதையில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் உருண்டுபோன வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சூப்பர்வைசர் வந்தார். மின்னல், மின்னல் என்று உருகிய அதே வாய், “இந்த ஆள நான் சேக்கவே இல்ல, இவன்தான் சொந்தக்காரன்னு கூட்டிட்டு வந்தான்” என்று என்னைக் கை காட்டியது. அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவது என்பதைவிட, கம்பெனி பேர் வெளியே வரக்கூடாது என்பதுதான் அவருக்கு அவசரம். அவரைப் பார்த்தும் எனக்குக் காறித் துப்பத் தோன்றியது. ஒரே நாளில் எத்தனை பேர்மேல்தான் துப்புவது?

மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கத்தினான், அழுதான், பிறகு நாள் முழுக்கத் தூங்கினான். ஒருவழியாக வெளியே வந்தான், அதற்கப்புறம் பொடியைத் தொடவில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். வேன் டிரைவர் வீடு தேடி வந்தபோதுகூடக் கதவைச் சாத்திவிட்டானாம். கன்னத்தில் சதை வைத்தது, புண் ஆறியது, கெட்ட பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். மையத்து டாக்டரம்மா மட்டும் தங்கையிடம் சொல்லியிருந்தார்: “நிறுத்தினா உடனே எல்லாம் சரியாயிடும்னு நினைக்காதீங்க. கவனம் மெதுவாத்தான் திரும்பும். எவ்வளவு திரும்பும்னு என்னால இப்ப சொல்ல முடியாது.” நாங்கள் முதல் பாதியைக் கேட்டுக்கொண்டோம். மெதுவாகத் திரும்பும் என்றால், ஒரு வருஷம் போனால் திரும்பியிருக்க வேண்டும்தானே?

கம்பெனியில் மறுபடி ஆள் பற்றாக்குறை. “மின்னல் இப்ப நல்லா இருக்கானாமே, கூட்டிட்டு வாயேன்யா” என்றார் சூப்பர்வைசர். வெட்கமே கிடையாது அந்த மனிதருக்கு. தங்கையும் போன் மேல் போன். அவள் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தையை மாப்பிள்ளை வீட்டில் பார்த்துக்கொண்டான். “அவர் பழைய மாதிரி ஆயிட்டார்ணா. உங்க கூட விட்டா தேறிடுவார். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க” என்றாள். அவன் மறுபடி மெஷின் அறையில் நின்றால் நான் மறுபடி கூரைமேல் நிற்க வேண்டும். சரி என்று சொல்லும் முன் நேரில் பார்த்துவிடுவோம் என்று ஒரு காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

“வாங்க மச்சான்” என்று எழுந்து வந்து கையைப் பிடித்தான். குரல் பழைய குரல். டீ போடுகிறேன் என்று உள்ளே போனான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு துண்டை மடித்துக்கொண்டே வெளியே வந்து உட்கார்ந்தான். உள்ளே தண்ணீர் கொதித்து வற்றும் சத்தம் கேட்டது. நானே போய் அடுப்பை அணைத்தேன். அவன் கவனிக்கவில்லை. வேலையைப் பற்றிப் பேசினேன். தலையாட்டினான், நடுவே ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள், அந்தச் சத்தத்தோடு போய்விட்டான். வண்டி போய் வெகுநேரம் ஆகியும் அவன் திரும்பி வரவில்லை. இரக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பழைய எரிச்சல்தான் வந்தது.

அப்போது பாப்பா கையில் ஒரு கலர் பென்சிலோடு வந்தாள். நாலு வயது.

“அப்பா” என்றாள். பதில் இல்லை.

அவள் மறுபடி கூப்பிடவில்லை, சிணுங்கவில்லை. அவன் மடியில் ஏறினாள். இரண்டு கையாலும் அவன் தாடையைப் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அவன் கண் அலைந்து அலைந்து அவள்மேல் வந்து நிற்கும்வரை காத்திருந்தாள். நின்ற பிறகுதான் பேசினாள்.

“பென்சில் சீவித் தாங்க.”

“சரி” என்றான்.

தாடையை விடவில்லை. அவன் கை சீவும் கருவியை எடுத்த பிறகுதான் விட்டாள். தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்து மூடுவதுபோல, தினமும் செய்கிற வேலையாக அதைச் செய்தாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவன்மேலா, அந்தப் பொடியின்மேலா, இளித்த வேன் டிரைவர்மேலா, தலையில் வைத்து ஆடின சூப்பர்வைசர்மேலா என்று பிரிக்க முடியவில்லை. எழுந்து உள் அறைக்குப் போனேன். தங்கை கடைக்குக் கிளம்பத் தயாராகத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணா, எப்ப வரச் சொல்லட்டும்?”

“வேணாம்மா. என்னால முடியாது. அவர் மெஷின் ரூம்ல நிக்கும்போது நான் கூரையில ஏற மாட்டேன்.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சீப்பைக் கீழே வைத்தாள்.

“நீங்க ஏற மாட்டீங்க” என்றாள். “நான் தினமும் பாப்பாவ அவர்கிட்ட விட்டுட்டுத்தான் போறேன்.”

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

“பாப்பா செருப்பு எங்கம்மா இருக்கு?” என்று கேட்டேன். “நீ கடையிலேர்ந்து வர்ற வரைக்கும் தினமும் எங்க வீட்டுல இருக்கட்டும். உங்க அண்ணி பாத்துக்குவா.”

தங்கை செருப்பை எடுத்து மாட்டிவிட்டாள். பாப்பா என் விரலைப் பிடித்தாள், உடனே விட்டுவிட்டு அப்பாவிடம் ஓடினாள். மறுபடி மடியில் ஏறி, தாடையைப் பிடித்து, திருப்பி, காத்திருந்தாள்.

“அப்பா, நான் மாமா வீட்டுக்குப் போறேன். சாயங்காலம் வந்துடுவேன். சரியா?”

“சரிம்மா, போயிட்டு வா” என்று சிரித்து, அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தான். நல்ல முத்தம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

நானும் பாப்பாவும் படி இறங்கினோம். பாதிப் படியில் இருக்கும்போது மேலே வீட்டுக்குள்ளிருந்து, தங்கையைப் பார்த்து அவன் கேட்பது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

“பாப்பா எங்க?”